ஆராய்ச்சிக்கு ஒரு பிள்ளையை அனுப்புவோமா?

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. அஸர் தொழுகை முடிந்து, மக்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அமரத் தொடங்கியிருந்தனர். முன்னர் நம்மிடம் ஓதிச் சென்ற மாணவி ஒருவர் தம் தந்தையோடு மதரஸா வாசலில் வந்து நின்றார். தந்தை ஓசூர்ப் பூச்சந்தைக்கு ரோஜாக் கட்டுகளை ஏற்றியனுப்பும் தொழில் செய்பவர். மகள் உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. முடித்து ஓராண்டு ஆகிறது. ஸலாம் சொல்லி அமர்ந்ததும் தந்தை நேராகவே விஷயத்திற்கு வந்தார்.

"ஹஜ்ரத், இது இன்னும் ஆறு வருஷம் படிக்கணும்னு சொல்லுது. நீங்களே கேளுங்க. அது என்ன படிப்பு, எங்க போய் முடியும்னு எனக்கு விளங்கல."

மகள் தலை குனிந்தபடியே, "மூலக்கூறு உயிரியல், ஹஜ்ரத். ஆராய்ச்சி செய்யணும்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் படிப்பு எங்கே போய் முடியும் என்பது நமக்கும் அன்று முழுதாக விளங்கியிருக்கவில்லை. மருத்துவம் என்றால் தெரியும். பொறியியல் என்றால் தெரியும். ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு சிப்காட்டில் என்ன வேலை கிடைக்கும் என்பதும், காலையில் பாகலூர் வட்டச் சாலையில் வந்து நிற்கும் கம்பெனி வேன் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்பதும் தெரியும். ஆராய்ச்சி என்பது மட்டும் நம் தெருக்களில் எவரும் போய்த் திரும்பி வராத ஊராக இருக்கிறது. ஒரு வாரம் அவகாசம் கேட்டு இருவரையும் அனுப்பிவைத்தோம். அந்த வாரத்திலும் அதன் பின்னரும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும், அவற்றால் நமக்கு ஏற்பட்ட கருத்தையும் இங்கே எழுதுகிறோம்.

அவகாசம் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் இவ்வூருக்கு ஓதிக் கொடுக்க வந்த புதிதில், விலங்கியல் படித்த இளைஞர் ஒருவர் இதே போல வந்து மஷூரா கேட்டார். அவருடைய பேராசிரியர் மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் போகச் சொல்லியிருந்தார். நாம் யோசிக்கவேயில்லை. "வீட்டில் தங்கைகள் இருக்கிறார்கள், கிடைத்த கம்பெனி வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ரிஸ்கு அல்லாஹ்வின் கையில்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் அப்படியே செய்தார். தங்கைகளின் நிகாஹ் முடிந்தது. வீடு கட்டினார். ஜும்ஆவுக்குத் தம் மகனை அழைத்து வருகிறார். நம்மிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சில், "அப்பவே போயிருந்தா இப்ப என்ன ஆகியிருக்கும்னு நைட் ஷிஃப்ட்ல யோசிப்பேன் ஹஜ்ரத்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாம் அன்று கொடுத்த மஷூரா தவறு என்று இன்றும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்தவர் போலப் பேசினோம் என்பது மட்டும் உறுதி. மஷூரா ஓர் அமானிதம். அதை அன்று நாம் அப்படி நடத்தவில்லை.

இனி நாம் படித்த ஒரு வாழ்க்கையைச் சொல்கிறோம். மீலாது மேடைகளில் இப்னு சீனாவையும் இப்னு நஃபீஸையும் பெருமையோடு சொல்வோம். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞராகவும் இருந்த இப்னு நஃபீஸ், இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் சென்று திரும்புவதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் என்று சொன்னால் கூட்டம் தக்பீர் முழங்கும். ஆனால் நம் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில், நம் காலத்திலேயே வாழ்ந்து மறைந்த ஒரு முஸ்லிம் உயிரியல் அறிஞரின் பெயரை அந்த மேடைகளில் நாம் கேட்டதில்லை. நாமும் சொன்னதில்லை. அவர் பெயர் உபைத் சித்தீக்கி.

அவர் மரணமடைந்த செய்தியில்தான் அவர் பெயரை நாம் முதன்முதலில் படித்தோம். 2013 ஜூலை 26, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. சில நாட்களுக்கு முன் பெங்களூரில் தம் வீட்டுக்கு அருகே சாலையில் மொபெட் ஒன்று மோதிப் படுகாயமடைந்திருந்தவர், அன்று மருத்துவமனையில் மறைந்தார். வயது 81. பத்ம விபூஷண் பெற்றவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவியவர் என்றெல்லாம் பத்திரிகையில் இருந்தது. இன்னா லில்லாஹி சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். அந்த மாணவி வந்துபோன பிறகுதான் மீண்டும் தேடிப் படித்தோம்.

சித்தீக்கி 1932-இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். மாணவப் பருவத்தில் இடதுசாரி அரசியலில் இறங்கிச் சிறைக்கும் சென்றார். படிப்பை முடித்தபின் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் கோதுமைப் பயிரில் ஆய்வு தொடங்கினார். ஆலங்கட்டி மழை பெய்து அவருடைய ஆய்வுப் பயிர் அழிந்துபோனது. திறந்த வயலை நம்பியிருந்த ஆய்வை விட்டு, ஆய்வுக்கூடத்துக்குள் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் மரபியலுக்குத் திரும்பினார். நம் பக்கத்து விவசாயிகள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். தக்காளியும் கோஸும் பூத்து நிற்கையில் விழும் கல்மழையால் தொழில் மாறியவர்கள் நம் ஊரிலும் உண்டு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிடோ போன்டெகார்வோ என்ற மரபியல் அறிஞரிடம் சேர்ந்து, ஒரு பூஞ்சையின் மரபணுவை நுணுகி ஆராய்ந்து 1961-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் கேரன் என்பவரோடு பணி. முனைவர் பட்டத்துக்குப் பின் இன்னொரு பெரிய ஆய்வாளரிடம் சில ஆண்டுகள் பணியாற்றும் இக்கட்டத்தை இந்தத் துறையில் 'போஸ்ட் டாக்' என்கிறார்கள். நம் மரபில் ஸனது பெற்ற ஆலிம், ஊருக்குத் திரும்புமுன் இன்னொரு பெரிய உஸ்தாதின் ஸுஹ்பத்தில் இருந்து வருவதில்லையா? அதைப் போன்றதுதான்.

அங்கே அவர் செய்த வேலையைச் சற்று விளக்க விரும்புகிறோம். நம்மை அது மிகவும் கவர்ந்துவிட்டது. கிர்அத் கற்பிக்கும் எவருக்கும் அது எளிதில் விளங்கும்.

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துகள் நான்கே. மும்மூன்று எழுத்துகளாகச் சேர்த்து அச்செய்தி வாசிக்கப்படுகிறது. அந்த வரிசைப்படி ஒவ்வொரு துண்டாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. நான்கு எழுத்துகளை மும்மூன்றாக அடுக்கினால் 64 சொற்கள் கிடைக்கும். அவற்றில் 61 சொற்கள் புரதத்தின் துண்டுகளைக் குறிப்பவை. எஞ்சிய மூன்று, 'இங்கே நிறுத்து' என்று சொல்பவை. முஸ்ஹஃபில் வக்ஃபு அடையாளங்கள் இருப்பதைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உவமை நிறுத்தும் முறைக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தக் கூடாத இடத்தில், ஓர் எழுத்து பிறழ்ந்ததால், நிறுத்தக் குறி விழுந்துவிட்டால் என்ன ஆகும்? புரதம் பாதியிலேயே அறுந்துவிடும். வேலை செய்யாது. மனிதரைப் பீடிக்கும் மரபு நோய்கள் பலவற்றில் இப்படிப்பட்ட பிழை இருக்கிறது. கேரனும் சித்தீக்கியும் நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவில், ஒரு நொதியைச் செய்யும் மரபணுவில் விழுந்த பிழைகளை ஆராய்ந்தார்கள். பிழை அப்படியே இருக்க, சில வகைப் பாக்டீரியாக்கள் மட்டும் அதைக் கடந்து வாசித்து நொதியை ஓரளவு செய்துவிடுவதைக் கண்டார்கள். தவறான இடத்தில் மூச்சை விடப்போகும் பிள்ளையை உஸ்தாத் 'நிறுத்தாதே, ஓது' என்று தொடரச் செய்வதைப் போல, உயிரணுவுக்குள்ளேயும் ஓர் ஏற்பாடு. 1962-இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தபோது நிறுத்தக் குறிகள் எவை என்பதே இன்னும் தெளிவாகியிருக்கவில்லை. அவற்றைக் கண்டறியும் வழியில் அந்தக் கட்டுரையும் ஒரு படியாக அமைந்தது.

அமெரிக்காவில் அவர் தங்கியிருக்கலாம். ஆனால் லியோ சிலார்ட் என்ற அறிவியலாளர் சித்தீக்கியைப் பற்றி ஹோமி பாபாவிடம் சொன்னார். பாபா அவரை மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்தார். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பெயர் பெற்ற இடம் அது. அங்கே 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கும் பொறுப்பு முப்பது வயது இளைஞரிடம் தரப்பட்டது. டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தைச் சொன்ன வாட்சனுக்கும் கிரிக்குக்கும், அவர்களோடு வில்கின்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான். துறை அவ்வளவு இளமையாக இருந்தது.

பின்னர் அவர் பாக்டீரியாவை விட்டுப் பழ ஈக்குத் திரும்பினார். கனிந்த வாழைப்பழத் தாரைச் சுற்றி மொய்க்குமே, அந்தச் சிறு ஈ. கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சர் என்பவரோடு சேர்ந்து ஒரு விந்தையான ஈ வகையை ஆராய்ந்தார். சாதாரண வெப்பத்தில் நன்றாகப் பறக்கும். வெப்பத்தைச் சற்று உயர்த்தினால் அப்படியே செயலிழந்து விழும். குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழைதான் காரணம். நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதைக் கண்டறிய அந்த ஈக்கள் கருவியாயின. 1976-இல் வெளியான அந்த ஆய்வில் இடம்பெற்ற ஈ வகைகளில் ஒன்றுக்கு 'கோமடோஸ்', அதாவது மயக்கமுற்றது என்று பெயர். நரம்பு முனையில் செய்தி கைமாறுவதற்குத் தேவையான ஒரு புரதத்தைச் செய்யும் மரபணுவே அதில் பழுதாகியிருந்தது என்பது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஆராய்ச்சியில் காலம் இப்படித்தான் ஓடுகிறது. ஒருவர் நட்டதை வேறொருவர் வேறொரு நாட்டில் அறுவடை செய்கிறார்.

ஈயைப் போய் ஆராய்வதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். சூரா அல்ஹஜ்ஜில் ஈயைக் கொண்டு சொல்லப்பட்ட உவமையை நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். ஒரு ஈயைப் படைக்க எவராலும் ஆகாது என்று சொல்லிக் கொடுக்கிற நாமே, அந்த ஈக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவளைப் பார்த்து 'இது என்ன படிப்பு' என்று கேட்கிறோம்.

மும்பையில் சித்தீக்கியிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். கென்யாவில் பிறந்த கோவா வம்சாவளிப் பெண். டப்ளினில் படித்துக்கொண்டிருந்தபோது சித்தீக்கியின் ஆய்வுகளைப் படித்து அவருக்குக் கடிதம் எழுதி, அதுவரை வாழ்ந்திராத இந்தியாவுக்கு முனைவர் பட்டத்துக்காக வந்தவர். ஈக்கள் சுவையையும் மணத்தையும் எப்படி அறிகின்றன, எந்த மரபணுக்கள் அதற்குப் பொறுப்பு என்பதை இருவரும் 1970-களின் பிற்பகுதியில் ஆராயத் தொடங்கினர். அத்துறையில் உலகில் முன்னோடிகளாக இருந்தவர்களில் இவர்கள் எண்ணப்படுகிறார்கள். ரோட்ரிக்ஸ் பின்னாளில் தாமே பெரிய ஆய்வாளராகிப் பல மாணவர்களை உருவாக்கி, 2010-இல் மறைந்தார். நம்மிடம் வந்த மாணவிக்கு நாம் இந்தப் பெண்ணின் கதையைத்தான் அதிகம் சொன்னோம்.

1990-களின் தொடக்கத்தில் சித்தீக்கி பெங்களூர் வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. நம் வீடுகளில் அந்த வயதில் மனிதர்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர் ஒரு புதிய ஆய்வு மையத்தைக் கட்டத் தொடங்கினார். பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் இருக்கிறது தேசிய உயிரியல் அறிவியல் மையம். எண்பது வயதிலும் அங்கே தம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஈக்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். ஸரோத் வாசிப்பார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவருடைய மனைவி ஆஸியா சித்தீக்கி வரலாற்றாசிரியர்.

(இங்கே ஒரு சிறு குறிப்பு. பெங்களூருக்கு வடக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாகலூர் இருக்கிறது. நம் ஊர் நிகாஹுக்குப் புறப்பட்டவர்கள் மேப்பை நம்பி அந்தப் பாகலூரில் போய் நின்றதுண்டு. அந்தப் பாகலூர்க்காரர்களுக்கு இந்த மையம் இன்னும் பக்கம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது அங்கே போகிறார்களா தெரியவில்லை.)

சித்தீக்கியின் பெயரைச் சொன்னவுடன் ஒரு நண்பர், "அவர் தீனில் எப்படி?" என்று கேட்டார். இளமையில் இடதுசாரியாக இருந்தவர் என்பது தெரிந்ததுதான். அவருடைய உள்ளத்துக்கும் ரப்புக்கும் இடையே இருந்ததை அளக்கும் தராசு நம்மிடம் இல்லை. அவரை 'நம்மவர்' என்று போஸ்டர் அடித்து ஒட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. அப்படிச் செய்வது அவருக்கும் நியாயமன்று, நமக்கும் கண்ணியமன்று. அலிகரிலிருந்து புறப்பட்ட ஒரு பிள்ளை, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் பின்னால் நடந்திருக்கிறார். அவ்வாறு நடக்க ஒரு பாதை இந்த நாட்டில் இருக்கிறது. அதைக் காட்டவே அவரைச் சொல்கிறோம்.

ஆனால் நண்பரின் கேள்விக்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஈமானைத் தொடும் கேள்விகள் வரும். பரிணாமம் வரும். மனிதனின் தோற்றம் பற்றிய பாடம் வரும். அவற்றில் சிலவற்றுக்கு நம்மிடம் உடனடியாக விடை இருக்காது. அதற்காகப் பிள்ளையைப் பாடத்திலிருந்து விலக்கி வைத்தால் கேள்வி போய்விடுமா? அதே கேள்வி கைப்பேசி வழியாக, ஆசிரியரும் இல்லாமல், அரைகுறையாக வந்து சேரும். ஆய்வுக்கூடத்தில் வந்தால் ஒழுங்கோடாவது வரும். நம் மாணவியிடம் நாம் சொன்னது இதுதான்: "எந்தக் கேள்வி வந்தாலும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்." மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் நாமும் இதற்காகக் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது. ஆலிம்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்மில் பலர் உயிரணு என்றால் என்ன என்பதைக் கூட நிதானமாகப் படித்ததில்லை.

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம். எங்கே போய் முடியும்? முதலில் எவ்வளவு செலவு?

பெற்றோரில் பலர் அறியாத செய்தி இது: முனைவர் ஆய்வுக்கு நல்ல நிறுவனத்தில் சேர்ந்தால் செலவு பெரும்பாலும் நம்முடையதன்று. மாணவருக்கே பணம் தருகிறார்கள். சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி. இணைந்து நடத்தும் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால், 2023 ஜனவரி முதல் உள்ள விதிப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. நாம் சொன்ன பெங்களூர் மையத்தில் சேர டாட்டா நிறுவனத்தின் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களும் சேரக்கூடிய ஒருங்கிணைந்த படிப்பும் அங்கு உண்டு. இந்திய அறிவியல் கழகம், ஐசர்கள், நம் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் என்று வேறு வாசல்களும் உள்ளன.

இதில் கசப்பானவற்றையும் சொல்ல வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் ஒழுங்காக வரும் என்று எண்ண வேண்டாம். பல மாதங்கள் தாமதித்து மொத்தமாக வருவதுண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கென்று 2009-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை, வேறு திட்டங்களோடு ஒன்றுபடுகிறது என்று காரணம் கூறி 2022-23 முதல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. நெட் தேர்வில் மேலிடம் பெற இயலாத பல ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவே கைப்பிடியாக இருந்தது. அது நிறுத்தப்பட்டது தவறு என்பதே நம் கருத்து. முதல்நிலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்பில் இருபத்தைந்தில் ஒருவரும், மேற்பட்டப் படிப்பில் ஐம்பதில் ஒருவருமே முஸ்லிம் என்று சச்சார் குழு 2006-இல் எழுதியது. மேலே போகப் போக நாம் பாதியாகிறோம். அந்த ஏணியில் ஒரு படியையும் பிடுங்கிவிட்டார்கள். கண்டனத் தீர்மானங்கள் போட்டோம். ஜமாஅத்துகளின் ஜகாத், ஸதகா நிதியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவருக்காவது ஓராண்டு கைகொடுக்கலாமே என்று எந்தக் கூட்டத்திலாவது பேசினோமா? ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவர்கள் யார் என்பதை முஃப்திகளிடம் கேட்டு முறைப்படிச் செய்யலாம்.

காலமும் நீளம்தான். முனைவர் ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள். அதன்பின் போஸ்ட் டாக் மூன்று, நான்கு ஆண்டுகள், பெரும்பாலும் வெளிநாட்டில். முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான் நிலையான பேராசிரியர் பணி. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பலர் மருந்துக் கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவுகளுக்கும், கல்லூரி ஆசிரியப் பணிக்கும், பரிசோதனைக் கூடங்களுக்கும் போகிறார்கள். அவையும் ஹலாலான, கண்ணியமான வேலைகளே. ஆனால் 'ஆறு ஆண்டில் விஞ்ஞானி' என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நான்கு சோதனைகளில் மூன்று தோற்கும் வேலை அது. ஸப்ரு இல்லாத பிள்ளையை அங்கே அனுப்பக் கூடாது. மதிப்பெண் அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் அனுப்புவதும் வேண்டாம்.

அப்படியானால் யாரை அனுப்புவது? நம் கருத்து இதுதான். நூறு பிள்ளைகளையும் ஆராய்ச்சிக்கு அனுப்பச் சொல்லவில்லை. தொழிற்சாலை வேலையைத் தாழ்வாகவும் எண்ணவில்லை. இந்த ஊரின் பாதி அடுப்புகள் அதனால்தான் எரிகின்றன. ஆனால் பாடம் முடிந்த பின்னும் கேள்வி முடியாத பிள்ளை ஒன்று எங்கேனும் இருக்கும். அந்த ஒரு பிள்ளைக்கு மற்றவர்களுக்குச் சொல்லும் அதே மஷூராவைச் சொல்லாதீர்கள். குடும்பத்தில் தாங்கக்கூடிய நிலை இருந்தால் தாங்குங்கள். அண்ணன் சம்பாதித்தால் தங்கை படிக்கட்டும். தங்கை என்றுதான் எழுதுகிறோம்.

பெண் பிள்ளை என்றவுடன் நிகாஹ் என்ற சொல் வந்துவிடுகிறது. வரட்டும். அது ஸுன்னத்தான காரியம், ஒளிக்க வேண்டியதில்லை. முனைவர் ஆய்வு முடியும்போது வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆய்வின் நடுவே நிகாஹ் செய்து, குழந்தை பெற்று, மகப்பேறு விடுப்பும் எடுத்துப் பட்டம் முடித்த பெண்கள் இருக்கிறார்கள். சிக்கல் நிகாஹில் இல்லை, நிகாஹுக்கு முன் நாம் பேசாமல் விடுவதில்தான் இருக்கிறது. மஹர் எவ்வளவு என்பதற்கு இரண்டு மணி நேரம் பேசுகிற ஜமாஅத்தார், 'பெண் படிப்பைத் தொடரலாமா' என்பதைச் சபையில் வாய் திறந்து கேட்பதில்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்களின் படிப்பு நின்றது என்பதை நிகாஹ் ஓதி வைக்கும் நாம் அறிவோம். ஹனஃபி மத்ஹபிலும் மற்றவற்றிலும் நிபந்தனைகள் பற்றிய விவரங்கள் வேறுபடலாம். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பது எல்லாருக்கும் பொது. சபையில் பேசுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

மறுவாரம் தந்தையும் மகளும் மீண்டும் வந்தார்கள். இவ்வளவையும் இதே வரிசையில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னோம். வக்ஃபு அடையாள உவமையை மகள் கேட்டதும், "எங்க மேடம் இப்படிச் சொல்லித் தந்திருந்தா நாங்க எல்லாரும் பாஸாகியிருப்போம் ஹஜ்ரத்" என்றார். உவமையில் ஒரு பிழையையும் திருத்தினார். நொதியைச் செய்யும் மரபணு வேறு, பிழையைக் கடந்து வாசிக்க வைக்கும் மரபணு வேறு என்பதை நாம் குழப்பிச் சொல்லியிருந்தோம். மேலே எழுதியிருப்பது அவர் திருத்திய பின்.

தந்தை உதவித்தொகையின் தொகையை இரண்டு முறை கேட்டார். மாதம் 37,000 என்பதை மூன்றாம் முறை மகளிடம் உறுதி செய்துகொண்டார். பின்னர் விடுதியில் பெண்களுக்குத் தனியிடம் உண்டா, தொழ இடம் கிடைக்குமா, வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வர பஸ் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். சிலவற்றுக்கு நமக்கு விடை தெரியவில்லை.

"அப்ப நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம் ஹஜ்ரத். ஞாயித்துக்கிழமை பூ லோடு இருக்கு. திங்கக்கிழமை போலாமா? நீங்களும் வாங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை மக்தபுக்கு வேறு உஸ்தாதிடம் சொல்லி வைத்தோம். ஓசூர் போய், அங்கிருந்து மெஜஸ்டிக், அங்கிருந்து பெல்லாரி சாலை. மகள் தம் சான்றிதழ்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்து வந்திருந்தார். அன்று அவை தேவைப்படாது என்று சொல்லியும் கேட்கவில்லை. நெட் தேர்வுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. துஆ செய்யுங்கள்.